மற்றவை

மல்லேஸ்வரம், பதினெட்டாவது குறுக்கு.
வனத்துறைக் கட்டடத்தின் நான்காம் மாடி.
பதினோரு மாத ஒப்பந்தம் எனக்கு.
பன்னிரண்டாம் மாதம் நான் இல்லாதவள்.

இழப்பீட்டு மனுக்களைக் கணினியில் ஏற்றுகிறேன்.
'தாக்கிய விலங்கு' கட்டத்தைத் தொட்டால்
ஒரு பட்டியல் கீழே விழும்:
யானை, புலி, சிறுத்தை, கரடி,
காட்டுப்பன்றி, முதலை.
அப்புறம் 'மற்றவை'.
மற்றவை என்றால் கால்நடை மருத்துவர் சான்று,
சடலத்தோடு படம், இரண்டு சாட்சி,
எல்லாம் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள்.

பாவகடாவுக்கு அப்பால் எங்கிருந்தோ
மைலாரப்பா பேசினார்.
பின்னால் மணிச் சத்தம், காற்று.
"மூணு ஆடு மேடம். ஒண்ணு சினை."
எது அடித்தது?
"தோள."

ஸ்ரீராமபுரத்தில் பிறந்து முப்பத்தோரு வருடம்
கன்னடத்தில் காய்கறி வாங்கி
கன்னடத்தில் சண்டை போட்டு
அந்த ஒரு சொல் மட்டும் என் காதில்
இன்னும் தமிழாகத்தான் விழுகிறது,
வெட்டவெளியில் யாரோ யாரையோ
தோழா என்று கூப்பிட்ட மாதிரி.

பட்டியலில் ஓநாய் இல்லை.
மென்பொருள்காரப் பையனிடம் போன மாதமே கேட்டேன்.
ஒரு சொல் சேர்க்க ஓர் அரசாணை வேண்டுமாம்.
அரசாணைக்கு ஒரு குழு.
குழு நேற்றுக் கூடியது. குறிப்பெடுத்தவள் நான்.
சட்டத்தில் புலிக்குப் பக்கத்திலேயே இடம் அதற்கு, என்றார் ஒருவர்.
எத்தனை இருக்கு, என்றார் தலைவர்.
காகிதம் புரளும் சத்தம்.
தெருநாயோடு கலந்துவிடுகிறது,
தூய ஓநாய் எது, கலப்பு எது என்று முதலில் பிரிக்க வேண்டும்
என்று இன்னொருவர் சொன்னபோது
ஒப்பந்தக்காரி கை ஒரு கணம் நின்றது.
மத்தூர் வடை வந்தது.
ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததை
எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளையும் சொல்லும்.
ஓநாய் நனைகிறதே என்று
அந்த அறையில் அழுதவர்கள்
குடையோடு வந்திருந்தார்கள்.

"சிறுத்தைன்னு போட்டுடட்டுமா?"
குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.
நாலு நாளில் பணம். வழக்கம்தான்.

மைலாரப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.
"சிறுத்தை எங்க பக்கமே கிடையாதே மேடம்.
கூண்டு கொண்டாந்து வெப்பீங்க.
அதுக்குள்ள கட்டற ஆடும் என்னுதாத்தான் இருக்கும்."
பிறகு குரல் ஏறியது:
"தானம் பண்ணிட்டேன்னு நெனைக்காதீங்க. பணம் வேணும்.
பள்ளத்துல குட்டி போட்டிருக்கு, நாலு.
பக்கத்துப் பட்டிக்காரன் புகை போட
மொளகா வாங்கி வெச்சிருக்கான்.
தோளன்னு எழுதிப் பணம் வந்தா
அந்தக் காகிதத்த அவங்கிட்ட காட்டலாம்."

எந்தப் பள்ளம்?
சர்வே எண் சொன்னார்.

அந்த எண்ணை என் விரல்களுக்குத் தெரியும்.
இரண்டு வாரம் முன்னால் நானே தட்டியது,
வேறொரு கோப்பில், சூரியத் தகடு பதிக்க.
நிலத்தின் வகை: தரிசு.
மரங்கள்: இல்லை.
உயிரினங்கள் என்ற கட்டத்துக்கு எதிரே
ஒரு சின்னக் கோடு.
சாப்பாட்டு நேரத்துக்கு முன் முடிக்க வேண்டியிருந்தது.

'மற்றவை'யைத் தொட்டேன்.
குறிப்புக் கட்டத்தில்
மூன்று ஆடு, ஒன்று சினை,
தோள, பெட்டை, நாலு குட்டி
என்று கன்னடத்தில் அடித்துக்கொண்டே போக,
நாற்பது எழுத்தோடு கட்டம் நின்றுவிட்டது.
சர்வே எண்ணுக்கு இடமில்லை.

அழித்தேன்.
முதலில் சர்வே எண்.
பிறகு தோள.
பிறகு குட்டிகள்.
சினை ஆடு வெளியே நின்றது.

அனுப்பு என்பதை அழுத்தியாயிற்று.
திரையில் வட்டம் சுற்றுகிறது.
மைலாரப்பா இன்னும் இணைப்பில்தான் இருக்கிறார்,
யாருடைய கடலையிலோ வாய் வைக்கும் ஆட்டை
உரக்கத் திட்டிக்கொண்டு.